நீர் கெட்டுப்போன கதை

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு, எவருடனும் கலந்தாலோசிக்காமல், முழுப் பொறுப்பையும் நானே ஏற்றுக்கொண்டு, என்னுடைய இடைவாரில் புதிய துளையொன்று போடுவது என்று தீர்மானித்தேன். இருக்கின்ற துளையைத் தொடர்ந்து பேணுவதற்கு இயன்ற சகல நடவடிக்கைகளும் எடுக்கப்பட்டன என்பதையும், அவை யாவும் தோல்வியடைந்த பின்னரே இந்த முடிவுக்கு வந்தேன் என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன். ஆணியொன்றைக் குறட்டால் பிடித்து, காஸ் அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தோலில் வைத்து அழுத்தினேன். புகை வந்தது. அந்த மணத்தோடு நீரும் வந்தீர்.

“ஐசே, தோல் எரியிற மணம் வந்தால் இந்த வீட்டிலை ஒருத்தன் பெருத்திட்டான் எண்டு அர்த்தம்” என்று படியடியில் நின்று சொல்வீர். வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில் கீழ்வீட்டில் நீரும் உம் மனைவி மலரும், மேலே ஒற்றை அறையில் நான். நீர் கப்பல் முகவர் கந்தோர் ஒன்றில் தலைமை எழுத்தர். நான் அரசாங்கத் திணைக்களமொன்றில் மொழிபெயர்ப்பாளன். சிங்களத்தில் எவருக்கும் விளங்காத சுற்றறிக்கைகளைத் தமிழிலும் எவருக்கும் விளங்காதபடி செய்வது என் தொழில். அந்தத் தொழிலைச் செம்மையாகச் செய்து வந்தேன். ஒரே ஒரு சொல்லைத் தவிர வேறெதனாலும் யாருக்கும் தீங்கு வந்ததாகத் தெரியவில்லை.

நாம் இருவரும் இடையில் பெருத்தவர்கள் அல்லர், தொட்டிலிலேயே பெருத்தவர்கள். யாழ்ப்பாணத்தில் வெவ்வேறு பள்ளிக்கூடங்களில் படித்தோம். கிடைத்த பட்டம் மட்டும் ஒன்று: தவிட்டுமூட்டை. பள்ளி நாடகங்களில் எனக்கு எப்போதும் அரக்கன் வேஷம், உமக்கு எப்போதும் அரசன் வேஷம். இந்த வேறுபாட்டை நீர் எனக்கு அடிக்கடி நினைவூட்டுவீர். மெலிவதற்கு நான் எடுத்த முயற்சிகளையெல்லாம் நீர் அறிவீர். வெந்தய நீர், பாகற்காய்ச் சாறு, சோறில்லாத திங்கள், பாணில்லாத புதன். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் எடுப்பேன். ஏழாம் நாள் பாறணைக்கு உட்கார்ந்து, இழந்த பிரதேசங்கள் யாவற்றையும் ஒரே பந்தியில் மீட்டுவிடுவேன். பட்டினி கிடப்பது கடினம் என்று மெலிந்தவர்கள் நினைக்கிறார்கள். கடினம் அதுவல்ல. நாற்பது வயதில், ஐம்பதாவது தடவையாக, இந்த முறை நிச்சயம் என்று மீண்டும் நம்புவதுதான் கடினம். அந்த அலுப்பை வேறெவருக்கும் என்னால் விளக்க முடிந்ததில்லை. உமக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

வெள்ளவத்தைத் தமிழ் வீடுகளில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டிய காலம் அது. படிவம் சிங்களத்தில். ஒழுங்கையில் பாதி வீடுகளுக்கு நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். உம்முடைய சாப்பாட்டு மேசையில் இருந்து உம்முடையதை நிரப்பியதும் நான்தான். பெயர், வயது, பிறந்த ஊர், கொழும்பில் இருக்கும் காரணம். கடைசியாக ‘விசேட அடையாளங்கள்’ என்று ஒரு கட்டம்.

“மச்சம், தழும்பு ஏதும் இருக்கோ?” என்று கேட்டேன்.

“தேடிப் பாக்க ஒரு நாள் காணாது ஐசே. இடம் பெரிசு.”

நான் ‘மஹத’ என்று எழுதினேன். சிங்களத்தில் பருத்தவர் என்று பொருள். நீர் எட்டிப் பார்த்தீர்.

“மஹத்தயா எண்டு எழுத வெளிக்கிட்டு பாதியிலை விட்டிட்டீரோ?”

“ஐயா எண்டால் மஹத்தயா. மொத்தம் எண்டால் மஹத. கொஞ்சந்தான் வித்தியாசம்.”

“அப்ப சரி. பாதி மரியாதையாவது கிடைக்கட்டும்.”

மலர் குசினிக்குள் இருந்து சிரித்தாள். படிவத்துக்கு மூன்று பிரதிகள். மூன்றிலும் எழுதினேன்.

அந்த ஆண்டிலேதான் மருதானை ஸ்டேஷன் மேம்பாலத்தில் பாதிவழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர். கொட்டாஞ்சேனையில் இருந்த டொக்டர் அதிகம் கதைக்கிற ஆளில்லை. “இருபத்தைஞ்சு கிலோ குறைக்கவேணும். குறைச்சால் பேரப்பிள்ளையளைக் காணுவீங்கள். இல்லாட்டி ஒரு ரெண்டு வருஷம்” என்றார். நீர் வெளியே வந்து, “நல்ல மனிசன். இழுத்தடிக்காமல் சொல்லிப்போட்டார்” என்றீர்.

அடுத்த திங்கட்கிழமை விடியற்காலையில் நடக்கத் தொடங்கினோம். கடற்கரை பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் விடிகிற நேரத்தில் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் தமிழன், தான் ஏன் கடலைப் பார்க்கிறான் என்று விளக்கம் சொல்லிமுடிக்க மத்தியானமாகிவிடும். ஆகவே ஹெவ்லொக் டவுன் பக்கம் நடப்பதென்று முடிவு செய்தோம். சந்திச் சோதனைச் சாவடியில் நின்ற இளம் இராணுவத்தான் ரோர்ச்சை எங்கள் முகத்தில் அடித்து, “கொஹெத மே உதே பாந்தர?” என்றான். இந்த விடியற்புறத்தில் எங்கே என்ற கேள்வி.

நீர் நெஞ்சை நிமிர்த்தி, “கெட்டு வென்ன” என்றீர்.

என் காதுக்கு முதலில் தமிழ்தான் கேட்டது. கெட்டுப்போவதற்காகப் புறப்பட்டிருக்கிறோம் என்று இராணுவத்துக்கு வாக்குமூலம் கொடுக்கிறீரோ என்று திகைத்தேன். பிறகுதான் என் தொழில் ஞாபகத்துக்கு வந்தது. சிங்களத்தில் கெட்டு என்றால் மெலிவு. மெலியப் போகிறோம் என்று சொல்லியிருக்கிறீர். அவன் எங்களைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான், இப்பக்கத்திலிருந்து அப்பக்கம்வரையும் பார்த்தான், பிறகு உள்ளே இருந்தவனைக் கூப்பிட்டு, “மஹத மஹத்தயலா தென்னா!” என்று சிரித்தான். பருத்த ஐயாமார் இரண்டு பேர். அன்றைக்குப் பிறகு அந்தச் சந்தியில் எங்களிடம் அடையாள அட்டை கேட்டதில்லை.

“ஓடச் சொன்னால் ஓடேலாது, ஒளிக்கச் சொன்னால் ஒளிக்கேலாது. எங்களாலை நாட்டுக்கு ஒரு ஆபத்தும் வராது எண்டு பெடியளுக்குத் தெரியும்” என்றீர். பிறகு கொஞ்ச தூரம் மூச்சு வாங்கி நடந்துவிட்டு, “எண்டாலும் பாரும், நாங்கள் மெலிஞ்சான் எண்டு சொல்லுறதை அவங்கள் கெட்டு எண்டுறாங்கள். ஆரின்ரை பாஷை சரியெண்டு போகப்போகத் தெரியும்” என்றீர். நான் சிரித்தேன். அது பகிடிதான்.

நான் மூன்று கிலோ குறைந்து, நான்கு கிலோ கூடினேன். நீர் மெலிந்தீர். உமக்குள் இப்படியொரு பிடிவாதக்காரன் இருப்பான் என்று நான் நினைத்திருக்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையால் அளந்து ஒரு கோப்பைச் சோறு. இரவில் குரக்கன் பிட்டு. கலியாண வீடுகளில் பந்திக்குப் போகாமல் வாசலில் நின்று சந்தனம் கொடுத்தீர். எட்டு மாதத்தில் நூற்றாறு கிலோ எழுபத்தொன்பதானது. உம்முடைய தாடையில் ஒரு எலும்பு தெரிந்தது. அது அங்கே இருப்பது உமக்கே தெரிந்திருக்கவில்லை, அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டீர். கோயிலில் கண்டவர்கள் உம்மை வாழ்த்தவில்லை. “என்ன, சுகமில்லையே?” என்றார்கள். “சீனி வருத்தமோ?” என்றார்கள். ஒரு மாமி மலரைத் தனியே கூட்டிக்கொண்டுபோய், “உண்மையைச் சொல்லு பிள்ளை, டொக்டர்மார் என்ன சொல்லினம்?” என்று கண்கலங்கினாள். எங்கள் ஆட்களிடையே ஒருவன் நன்மைக்கு மெலிவதற்கு வழியில்லை.

இப்போது சொல்லிவிடுகிறேன். எனக்கும் உம்மை வாழ்த்த மனம் வரவில்லை. உம்முடைய பழைய சேட்டுகளை மலர் எனக்குக் கொடுத்துவிட்ட நாளிலிருந்து, அவை எனக்கு அளவாக இருந்தன என்பதற்காக ஒரு கிழமை உம்மோடு நடக்க வரவில்லை. காய்ச்சல் என்றேன். அது காய்ச்சல் இல்லை.

அட்டையை மாற்ற வேண்டுமென்று முதலில் சொன்னது நீர்தான். பதினைந்து கிலோ குறைந்திருந்தபோது, அட்டையிலிருந்த படத்தை வெளிச்சத்தில் பிடித்து, “இது என்ரை அண்ணர் மாதிரி இருக்கு” என்றீர். நான் நடைமுறையை எடுத்துச் சொன்னேன். பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதி யாழ்ப்பாணத்திலிருந்து எடுக்க வேண்டும், சண்டையால் பாதை பூட்டிக் கிடக்கிறது. கிராம சேவகரின் கடிதம், பொலிசின் கடிதம். எல்லாம் கிடைத்தாலும் பழைய அட்டையைக் கொடுத்துவிட்டு, வெறும் பற்றுச்சீட்டோடு மாதக்கணக்காகத் திரிய வேண்டும். பிறகு நான் சொன்னதைச் சொல் பிசகாமல் இங்கே எழுதுகிறேன்: “இன்னும் மெலியிறீர்தானே. இப்ப ஒரு படம், பிறகு ஒரு படம் எண்டு ஏன் ரெண்டு தரம் அலைவான்? முழுக்க மெலிஞ்ச பிறகு ஒரேயடியாய் எடுப்பம்.”

நீர் யோசித்துவிட்டு, “அதுவும் சரிதான்” என்றீர். அரசாங்கத்தில் இருபது வருடம் வேலை செய்த ஒருவனால் மட்டுமே கொடுக்கக்கூடிய புத்திமதி அது. அதைக் கேட்டு நடக்கக்கூடியவர் ஒரு தலைமை எழுத்தர் மட்டுமே. படிவத்தை இருவரும் மறந்துபோயிருந்தோம்.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலை, ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். சந்தியில் நின்ற பெடியள் அல்லர், வேறெங்கிருந்தோ வந்தவர்கள். ஆண்களை வெளியே வரிசையில் நிறுத்தினார்கள். அதிகாரியின் கையில் நான் நிரப்பிய படிவங்கள் இருந்தன. என்னுடைய அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். “யன்ன” என்றார். போகலாம். அடுத்தது நீர்.

“மே ஒயா நெவெய்.” இது நீயில்லை.

“மமய்.” நான்தான்.

அவர் படிவத்தில் விரலை வைத்தார். இதில் இருக்கிற ஆள் மஹத, படத்தில் இருக்கிற ஆளும் மஹத, நீ யார் என்று கேட்டார்.

“மம கெட்டு வுணா” என்றீர். நான் மெலிந்துவிட்டேன்.

“அய்?” என்றார். ஏன்?

உண்மையான பதில் உம்மிடம் இருந்தது. இருதயம் என்றீர், டொக்டர் என்றீர், குரக்கன் பிட்டு என்றுகூடச் சொன்னீர். ஆனால் அந்த நாட்களில் தமிழன் ஒருவன் மெலிந்திருந்தால், ஏன் மெலிந்தான் என்பதல்ல, எந்தக் காட்டிலிருந்து மெலிந்து வந்தான் என்பதே கேள்வி. வீட்டுக்காரனின் அட்டையோடு வீட்டுக்காரனின் வீட்டில் வேறொருவன் இருக்கிறான் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். அந்த வேறொருவனை ட்ரக்கில் ஏற்றினார்கள். எனக்கு யன்ன என்று சொல்லியிருந்தார்கள். நான் கேற்றடிவரைக்கும் போய்விட்டேன். பிறகு திரும்பி வந்து, அந்தச் சொல்லை எழுதியது நானென்று சிங்களத்தில் சொன்னேன். ட்ரக் புறப்பட்டிருந்தது.

பதினேழு நாட்கள். ஒவ்வொரு நாளும் மலரும் நானும் பொலிஸ் நிலையத்துக்குப் போய் மரவாங்கில் உட்கார்ந்திருந்தோம். மலர் கலியாண அல்பத்தைக் கொண்டுவந்தாள். உம்முடைய பழைய காற்சட்டையையும் கொண்டுவந்தாள். இன்ஸ்பெக்டர் அதை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, ஒரு பிடிவாதமான ஆவணத்தைப் பார்ப்பதுபோல நெடுநேரம் பார்த்தார். டொக்டரின் கடிதத்தை நானே சிங்களப்படுத்திக் கொடுத்தேன்.

“படிவத்தில் மஹத என்று எழுதியது யார்?” என்று சிங்களத்தில் கேட்டார்.

“நான்.”

“அவர் மஹதவா?”

“அப்போது.”

“இப்போது?”

“இப்போது நீங்கள்தான் பார்க்கிறீர்கள், சேர். நாங்கள் பதினொரு நாளாகப் பார்க்கவில்லை.”

உள்ளே நீர் மேலும் நான்கு கிலோ மெலிந்துகொண்டிருந்தீர். தடுத்து வைத்த ஒவ்வொரு நாளும் உம்மைப் படத்திலிருந்து இன்னும் தூரமாக்கியது. கந்தோரிலிருந்து கடிதம் வந்து, டொக்டரே நேரில் வந்து கையெழுத்து வைத்த பிறகு விட்டார்கள். இன்ஸ்பெக்டர் கெட்ட மனிதர் அல்லர், களைத்த மனிதர். “அட்டையை மாற்றுங்கள். அடுத்தமுறை வேறு ஆட்கள் வருவார்கள். நான் இருக்கமாட்டேன்” என்றார்.

உள்ளே என்ன நடந்ததென்று நீர் சொல்லவில்லை. இடது கையால் சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்க உமக்கு இரண்டு கிழமை சென்றது. அதை வைத்து நானே மொழிபெயர்த்துக்கொண்டேன்.

அட்டைக் கந்தோருக்கு மூன்றுமுறை போனோம். மூலப்பிரதி இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். யாழ்ப்பாணத்துக்கு எழுதினோம். பதிலில்லை. மூன்றாம் முறை திரும்பி வரும்போது, காலி வீதியில் நீர் திடீரென்று நின்று, ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தீர். எட்டு மாதத்துக்கு மேலாக அந்த வாசலை மறுபக்கம் பார்த்துக்கொண்டு கடந்தவர். கொத்துரொட்டி ஒன்றுக்குச் சொன்னீர். பிறகு கொஞ்சம் யோசித்து, “ரெண்டு” என்றீர். எனக்கென்று நினைத்தேன். எனக்கில்லை.

நீர் அதை மருந்து குடிப்பதுபோலச் சாப்பிட்டீர். ருசிக்கவில்லை, நிறுத்தவுமில்லை.

“படத்தை மாத்தேலாது ஐசே,” என்றீர். “மனிசனை மாத்தலாம்.”

வீட்டில் இதைக் கேட்ட மலர் அன்றைக்குத்தான் முதன்முறையாக உம்மோடு சத்தம் போட்டாள். “டொக்டர் சொன்னது மறந்து போச்சோ? ரெண்டு வருஷம் எண்டவரெல்லே!”

“டொக்டர் ரெண்டு வருஷம் தந்தவர். உவங்கள் ரெண்டு நிமிஷம்தான் தருவாங்கள். எது கூட எண்டு நீயே பார்.”

அவள் என்னைப் பார்த்தாள். “அண்ணை, நீங்களாவது சொல்லுங்கோவன்.”

நான் சொல்லவில்லை. இதுவும் எழுதப்பட வேண்டும். உம்மைத் திரும்பவும் கொண்டுபோவார்கள் என்ற பயம் எனக்கு இருந்தது, அது உண்மை. அதற்குக் கீழே இன்னொன்றும் இருந்தது. நீர் திரும்பி வருகிறீர் என்ற சந்தோஷம். மாலையில் றோல்ஸ் பார்சலோடு படியேறி வருவீர். இருவரும் ஜன்னலடியில் இருந்து தின்போம். கடல் தெரியாது, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தாங்கிதான் தெரியும். அந்த ஏழு மாதங்களைப்போல நான் சந்தோஷமாகச் சாப்பிட்ட காலம் வேறில்லை. உம்முடைய தாடை எலும்பு மறைந்தது. ஒருநாள் நீர் அதைத் தேடிக் கையை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டதை நான் கண்டேன்.

அந்தச் சொல்லைப் பற்றி ஒரே ஒருமுறைதான் கதைத்தீர். நான் மன்னிப்புக் கேட்கலாமென்று வசனத்தைக் கட்டிக்கொண்டிருந்தேன். முடிப்பதற்கு முன் கையைக் காட்டி நிறுத்தினீர். “ஒரு சொல்லுத்தானே ஐசே. பிழையான மொழிபெயர்ப்பெண்டால் கோவிக்கலாம். நீர் சரியாய்த்தானே எழுதினனீர்.”

நூறு கிலோவைத் தாண்டிய பிறகு, ஒரு விடியற்காலையில் மீண்டும் நடக்கப் போனோம். மெலிவதற்கல்ல, காட்டுவதற்கு. சந்தியில் அதே பெடியன் நின்றான். “ஆ, மஹத மஹத்தயா ஆவா!” என்றான், பருத்த ஐயா வந்துவிட்டார் என்று. இவ்வளவு நாளும் எங்கே போயிருந்தீர்கள் என்று உண்மையான அக்கறையோடு கேட்டான். “கெட்டு வென்ன கியா” என்றீர். மெலியப் போயிருந்தேன். அவன் சிரித்தான். நீரும் சிரித்தீர். திரும்பி வரும் வழியில், “ஆரின்ரை பாஷை சரியெண்டு இப்ப தெரிஞ்சுதோ?” என்று என்னைக் கேட்டீர். மொழிபெயர்ப்பாளனிடம் கேட்கக்கூடாத கேள்வி அது.

அதன்பின் ஒரு மாரிகாலம் போய், அடுத்தது வருவதற்கு முன், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியளவில் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது விழுந்தீர். அரைவாசி முகத்தில் சவர்க்கார நுரையோடு ஓட்டோவில் ஏற்றினோம். நான்கு பேர் தூக்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி வாசலுக்கு முன்னரே முடிந்துவிட்டது. அங்கே இருந்த எழுத்தர் உம்முடைய அடையாள அட்டையைக் கேட்டார். மலர் கொடுத்தாள். அவர் படத்தைப் பார்த்தார், எழுந்து வந்து உம்முடைய முகத்தைப் பார்த்தார், சரியென்று எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு சமாதானம் என்று சொல்லப்பட்ட ஒரு இடைவேளை வந்தது. பாதை திறந்தது. மலர் ஊருக்குப் போய், உம்முடைய பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதியை எடுத்துக்கொண்டு வந்தாள். பெட்டகத்தில் பத்திரமாக இருந்ததாம். அதை என்ன செய்வதென்று என்னைக் கேட்டாள். இறப்புச் சான்றிதழோடு சேர்த்து வைக்கச் சொன்னேன். பின்னர் பாதை மீண்டும் பூட்டப்பட்டது. மலர் இப்போது கனடாவில் தமக்கையோடு இருக்கிறாள். கீழ்வீட்டில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நல்ல ஆட்கள், மெலிந்தவர்கள். அவர்களுடைய படிவத்தை நிரப்பித் தரும்படி கேட்டபோது கண் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

சென்ற மாதம் எனக்கும் படியேறும்போது மூச்சு நின்று வந்தது. கொட்டாஞ்சேனைக்குப் போனேன். பழைய டொக்டர் இல்லை, அவருடைய மகன் இருக்கிறார். தகப்பனைப்போலவே சுருக்கமாகக் கதைக்கிறார். முப்பது கிலோ என்றார். குறைக்காவிட்டால் எவ்வளவு காலம் என்று நான் கேட்டேன், அதையும் சொன்னார். திரும்பி வரும்போது அட்டைக் கந்தோருக்கும் போய் விசாரித்தேன். மூலப்பிரதி வேண்டும் என்றார்கள். என்னுடையது யாழ்ப்பாணத்தில் இருக்கிறது.

நேற்று மருந்துக்கடைத் தராசில் நின்று பார்த்தேன். நூற்றுப் பதினொரு கிலோ. வீட்டுக்கு வரும் வழியில் காலி வீதியில் இரண்டு இடங்களில் மறித்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். என்னிடம் அட்டை கேட்கவில்லை.